மலைச்சாலையின் வேகமும் உடலின் நிதானமும்

மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ் இளைஞர்களில் சிலர் சஹ்யாத்ரி மலைக்கோட்டைகளில் ஏறிப் பழகிய பின்னர் இமயமலைப் பயணத்துக்குத் திட்டமிடுகின்றனர். இப்பயிற்சி கால்களுக்கு வலுவூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாயின் உயரம் 1,646 மீட்டரே. மணாலி நகரமோ ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. உயரத்தின் மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்குவது சஹ்யாத்ரியில் இயலாத காரியம்.

காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தமாகும். மணாலி–லே சாலையின் மிக உயர்ந்த இடமான தங்லங் கணவாயில் (5,328 மீட்டர்) அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதியே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் பிராணவாயு குறைகிறது. இதற்கு ஈடுசெய்ய உடலுக்குச் சில நாட்கள் தேவை. 1962 போருக்குப் பின் உயர்ந்த எல்லைப் பகுதிகளுக்குச் சென்ற வீரர்களில் 1,925 பேரைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, உயர்மலை நோய் பற்றிய உலக மருத்துவ இலக்கியத்தில் முக்கிய இடம் பெற்றுள்ளது. உடல் உறுதி மிக்க வீரர்களையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை.

முற்காலத்தில் குலு பள்ளத்தாக்கிலிருந்து ரோதங், பாராலாச்சா கணவாய்களைக் கடந்து லே சென்ற வணிகர்கள் நாள்தோறும் சிறிது தொலைவே நடந்தனர். அந்தத் தாமதமே அவர்களுக்குப் பாதுகாப்பாக அமைந்தது. இன்றும் ஹம்ப்டா கணவாயை (சுமார் 4,270 மீட்டர்) நடந்து கடப்போர் இரண்டு மூன்று இரவுகள் இடையில் தங்கியே உச்சியை அடைகின்றனர். வாகனத்தில் செல்பவரோ, அதைவிட உயரமான பாராலாச்சாவை மணாலியிலிருந்து ஒரே பகலில் எட்டிவிடுகிறார்.

3-10-2020 அன்று திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை இத்தொலைவை 46 கிலோமீட்டர் குறைத்தது. லாஹௌல் மக்களுக்கு இது பெரும் பேறு. பனிக்காலத்தில் ரோதங் மூடியதும் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்த பள்ளத்தாக்கு அது. நோயாளிகளும் உருளைக்கிழங்கு, பட்டாணி விளைச்சலும் மணாலியை அடைவது இப்போது எளிதாகியுள்ளது. பயணிகளைப் பொறுத்தவரை, சாலை மிச்சப்படுத்தும் நேரத்தை உடலுக்காகத் திருப்பிச் செலவிட வேண்டியுள்ளது. விடுமுறைப் பயணச் சலுகையில் ஒன்பது நாட்களுக்குள் அனைத்தையும் அடக்க முயலும் நம் அலுவலர்களுக்கு இது கசப்பான கணக்குத்தான்!

மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவர்கள் கூறும் பொது விதி. மணாலிச் சாலையில் இதைக் கடைப்பிடிப்பது கடினம். ஜிஸ்பாவுக்கு (ஏறத்தாழ 3,200 மீட்டர்) அடுத்து வழக்கமாகத் தங்கும் சர்ச்சு, அதைவிட ஆயிரம் மீட்டர் உயரமானது. தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் பயணிகளை வாட்டும் இரவு பெரும்பாலும் அதுவே. இதனால் ஸ்ரீநகர், கார்கில் வழியாக லே சென்று, உடல் பழகிய பின்னர் மணாலி வழியாகத் திரும்புவதே சிறந்தது. அவ்வழியில் ஜோஜி கணவாய் 3,528 மீட்டர், ஃபோட்டு கணவாய் 4,108 மீட்டர் எனினும், இரவு தங்கும் கார்கில் 2,700 மீட்டரை ஒட்டியே உள்ளது.

தலைவலியோடு நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ, மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துள்ளதாகக் கருதி உடனே கீழிறங்க வேண்டும். விடியும்வரை காத்திருப்பது உயிருக்கு ஆபத்தானது. பிராணவாயு உருளையும் மருந்தும் இறங்கும் வரை துணை நிற்குமேயன்றி, இறங்குவதற்கு மாற்றாகா.

தார்ச்சாவிலிருந்து 5,000 மீட்டரைத் தாண்டிய ஷிங்கு கணவாய் வழியாக ஜான்ஸ்கரின் பதும் நகருக்குச் செல்லும் பாதையும், நெடுங்காலம் நடைபயணிகளுக்கே உரியதாயிருந்து, இப்போது வாகனச் சாலையாகிவிட்டது. அக்கணவாய்க்கு அடியில் 4.1 கிலோமீட்டர் நீள இரட்டைச் சுரங்கப்பாதை அமைக்கும் பணி 2024 ஜூலையில் தொடங்கியது. அதன் உயரம் ஏறத்தாழ 4,800 மீட்டர்.