ஐப்பசியில் மலை ஏறுங்கள்

'இலையுதிர்காலம்' என்ற சொல் நம் குழந்தைகளின் தமிழ்ப் புத்தகத்தில் வருகிறது. அதற்குப் பொருள் கேட்டால் பெற்றோர் சற்றுத் திணறத்தான் செய்கிறோம். நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் அப்படி ஒரு பெயர் இல்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் அவர்களுக்குக் கூதிர்காலம். மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து வரும் காலம். ஊரில் குடையோடு நடக்கும் அந்த நாட்களில் இமயமலைச் சாரலில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். டில்லிக்கு வந்து குடியேறிய நமக்கு, ஓர் இரவுப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் இந்தப் பருவம் இருக்கிறது. ஆனாலும் நம்மில் பலர் மே மாதக் கூட்டத்தில் சிம்லாவைப் பார்த்துவிட்டு, 'மலை இவ்வளவுதான்' என்று திரும்பிவிடுகிறோம்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒன்றே. தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் கடைசி வாக்கில் ஹிமாசலப் பிரதேசத்தை விட்டு விலகுகிறது. மூன்று மாத மழை காற்றிலுள்ள தூசியைக் கழுவிவிடுவதால் தொலைவிலுள்ள பனிச்சிகரங்கள் தெளிவாகத் தெரிகின்றன. பிறகு காற்றின் திசை மாறி, அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழையாகத் தமிழகத்தில் இறங்குகிறது. இங்கே வெயில், அங்கே மழை. இரண்டும் ஒரே திருப்பத்தின் இரு பக்கங்கள்.

கொலுவும் குலுவும்

'நவராத்திரியில் கொலுவை விட்டுவிட்டு எப்படிப் போவது?' என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை குலு பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. நாடெங்கும் தசரா முடிகிற விஜயதசமி அன்றுதான் குலுவில் தசரா தொடங்குகிறது. ஏழு நாட்கள் நடக்கிறது. பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் கொலுப்படியைக் கலைத்துவிட்டு இரவு பஸ் ஏறினாலும், விழாவில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் ஜகத்சிங் என்ற அரசர் அயோத்தியிலிருந்து ரகுநாதர் விக்கிரகத்தை வரவழைத்து, நாட்டையே அவருக்கு ஒப்படைத்துத் தாம் ஊழியராக நின்றார் என்பது வரலாறு. முதல் நாள் தால்பூர் மைதானத்தில் ரகுநாதரின் மரத்தேரை மக்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து நூற்றுக்கணக்கான தெய்வங்கள் பல்லக்கில் வந்து கூடுகின்றன. மணாலியிலிருந்து ஹிடிம்பா தேவி வந்த பிறகுதான் விழா தொடங்கும். தோளில் பல்லக்கு, முன்னே கொம்பும் முரசும் என்று வருவதைப் பார்க்கும்போது நம்மூர்ச் சாமி புறப்பாடு நினைவுக்கு வராமல் போகாது. டில்லி ராம்லீலாவில் பார்ப்பது போன்ற ராவண பொம்மையை இங்கே கொளுத்துவதில்லை. கடைசி நாளில் பியாஸ் நதிக்கரையில் முட்புதருக்குத் தீ வைப்பதுதான் இலங்கை தகனம்.

ஆப்பிளும் இலையும்

சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் என்ற ஊரில், அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-ஐ ஒட்டி உயர்ரக ஆப்பிள் கன்றுகளை நட்டார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், 1932-இல் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். நாம் டில்லியில் வாங்கும் ஹிமாசல ஆப்பிளின் கதை பெரும்பாலும் அங்கிருந்துதான் வளர்ந்தது. அக்டோபரில் தாழ்வான தோட்டங்களில் பறிப்பு முடிந்திருக்கும். கின்னௌர் மாவட்டத்தின் உயரமான தோட்டங்களில் மரத்திலேயே பழம் பார்க்கலாம். தோட்டக்காரரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். அவர் அனுமதித்தால் பழத்தை இழுக்காமல், மேல்நோக்கித் தூக்கி மெல்லத் திருகவேண்டும். காம்பு பிடித்திருக்கும் சிறு கணுவில்தான் அடுத்த வருடத்து மொட்டு இருக்கிறது. அது ஒடிந்தால் அந்த இடத்தில் காய்ப்பு போயிற்று.

சிவந்த இலைகளைப் பார்க்க ஆசைப்பட்டு சிம்லாவுக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதுண்டு. அங்கே அதிகம் உள்ள தேவதாருவும் பைனும் இலையுதிர்க்காத மரங்கள். குலு, நக்கர் பக்கம் போனால் வால்நட், பாப்ளர் மரங்கள் மஞ்சளாக நிற்கும். இலையில் மஞ்சள் நிறம் முதலிலிருந்தே உண்டு. பச்சையம் அதை மூடியிருக்கிறது. பகல் குறுகிக் குளிர் கூடியதும் மரம் பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது; அப்போது மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்களில் வரும் சிவப்பு மட்டும் அந்த நாட்களில் புதிதாக உண்டாவது. குழந்தையின் கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கிராமங்களில் நடந்து பாருங்கள். குளிர்காலத் தீவனத்துக்குப் பெண்கள் சரிவில் புல் அறுத்துக்கொண்டிருப்பார்கள். கூரைமேல் மக்காச்சோளக் கதிர் காயும். பசித்தால் 'சித்து' கேளுங்கள். கோதுமை மாவுக்குள் வால்நட் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்து, நெய் ஊற்றித் தருவார்கள். கொழுக்கட்டைக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

போகுமுன் சில வார்த்தைகள்

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு கால்காவிலிருந்து சிம்லா செல்லும் சிறிய ரயில் நல்லது. 1903-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் கடந்து 96 கிலோமீட்டர் ஏறுகிறது. 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பயணத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், முன்பதிவு அவசியம்.

பகலில் வெயில் இதமாக இருப்பதைக் கண்டு ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். சூரியன் மறைந்த அரைமணியில் குளிர் இறங்கிவிடும். காது மூடும் குல்லாய், காலுறை, வெந்நீர்க் குடுவை மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

2020-இல் திறந்த அடல் சுரங்கப்பாதை மணாலியிலிருந்து லாஹௌல் பகுதிக்குச் செல்வதை எளிதாக்கிவிட்டது. ஆனால் அது 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். சுமார் 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். ஆகவே மணாலியில் ஓர் இரவாவது தங்கிவிட்டு ஏறுங்கள். உடம்பு சரியில்லை என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே போகவேண்டாம். இறங்குவதே முதல் வைத்தியம். இதயநோயோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர்கள் புறப்படுமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மலை இப்போது நொந்துபோயிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2023-ஆம் ஆண்டு மழையில் குலு–மணாலி சாலை பல இடங்களில் பியாஸோடு போயிற்று; சிம்லா ரயில் பாதையின் கீழ் மண் சரிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. 2025-லும் பெரும் சேதம். எனவே சாலை நிலவரத்தை விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்; திரும்புவதற்கு ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், 'இந்த வருடம் மலை வேண்டாம்' என்று எல்லோரும் ஒதுங்கினால், கோடையில் சம்பாதித்ததை மழையில் இழந்த டாக்ஸிக்காரருக்கும் சிறு விடுதிக்காரருக்கும் அக்டோபர்தான் மிச்சமிருக்கும் வழி. வழி திறந்திருந்தால் போவது அவர்களுக்கும் உதவி.

முப்பது வருட டில்லி வாழ்க்கையில் நான் கண்டது இது. லீவு கிடைத்தால் ஊருக்கு ஓடுகிறோம். அது நம் கடமையும்கூட. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்த மலையும் சொந்த ஊர்தான். ஒரு வருடம் நாம் ஊருக்குப் போவதற்குப் பதிலாக, ஐப்பசியில் தாத்தா பாட்டியை இங்கே வரவழைத்து, குலுவில் வடம் பிடிக்கச் செய்யுங்கள். பெரியவர்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே பருவத்தைச் சேர்ந்து பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது.