ஏரிமண்ணும் பூகம்பமும்

1985ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் காலை ஏழேகால் மணியளவில், மெக்ஸிகோ நாட்டின் பசிபிக் கரையோரத்தில் 8.0 அளவுள்ள பூகம்பம் ஒன்று நேர்ந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட பெருநாசம் விளைந்ததோ, அங்கிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டில் இருக்கும் தலைநகரத்தில். தூரம் கூடக் கூட அதிர்ச்சி மெலிய வேண்டும் என்னும் பௌதிக நியதி அங்கேயும் பொய்த்துவிடவில்லை. நகரின் தென்பகுதியில், எரிமலைப் பாறைமீது அமைந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த கருவி, புவியீர்ப்பு முடுக்கத்தில் 100இல் 3 அல்லது 4 பங்கு அதிர்ச்சியையே பதிவு செய்தது. சில கிலோமீட்டர் வடக்கே, போக்குவரத்து அமைச்சக வளாகத்தில் இருந்த மற்றொரு கருவியோ 100இல் 17 பங்கைக் காட்டியது. பூகம்பம் ஒன்றே, தூரமும் ஏறத்தாழ ஒன்றே; வேறாக இருந்தது காலடி மண்.

அந்த மண் ஓர் ஏரியின் படுகை. டெஷ்கோகோ ஏரித் தீவில் ஆஸ்டெக் மக்கள் நிர்மாணித்த டெனோச்டிட்லான் நகரத்தின்மீது ஸ்பானியர் தம் நகரத்தை எழுப்பி, காலப்போக்கில் ஏரிநீரையும் வடித்துவிட்டனர்; ஆயினும் எரிமலைச் சாம்பலும் சேறும் யுகயுகமாகப் படிந்து உண்டான களிமண், சில அடுக்குகளில் தன் உலர்ந்த எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு நீரை இன்னமும் தாங்கி நிற்கிறது. கட்டியாக வெட்டியெடுத்து விரல்களால் பிசைந்தால் அது கூழாகிவிடும்.

பாறையில் விரைந்து வரும் அலை, இத்தகைய மெல்லிய மண்ணில் நுழைந்ததும் வேகம் குன்றி, அதற்கு ஈடாக வீச்சில் பெருகி, மேற்பரப்புக்கும் அடியிலுள்ள கெட்டி அடுக்குக்கும் இடையே மீண்டும் மீண்டும் எதிரொலித்துச் சிக்கிக்கொள்கிறது. அமைச்சக வளாகத்தில் களிமண்ணின் ஆழம் சுமார் 38 மீட்டர். அதில் குறுக்கலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 75 மீட்டர். ஆழத்தை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் அந்த நிலத்தின் இயற்கையான ஊசலாட்டக் காலம் கிடைக்கிறது: இரண்டு விநாடி. பலவித வேகங்களில் நடுங்கி வந்த அலைகளிலிருந்து அந்த இரண்டு விநாடி அசைவை மட்டும் நிலம் தெரிந்தெடுத்து வளர்த்தது. மெல்லிய மண் அதிர்ச்சியை உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே பயன்படவில்லை. இந்தக் களிமண் பெரிய அசைவிலும் சக்தியை அதிகம் இழப்பதில்லை.

நிறைவாளியைத் தூக்கி நடப்பவரின் நடையும் வாளிநீரின் தளும்பலும் ஒத்துப்போகும்போதுதான் நீர் வெளியே சிந்துகிறது; கட்டடங்களின் கதியும் அதுவே. பத்து மாடிக் கட்டடம் ஒன்று ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒருமுறை ஆடும். தூண்களில் விரிசல் கண்டதும் அது தளர்ந்து, ஆட்டம் மந்தமாகி, நிலத்தின் இரண்டு விநாடியை நோக்கியே நகரும். இதைவிடக் கொடிய பொருத்தத்தை நினைத்துப் பார்ப்பது கடினம். ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள் மிகுதியாக வீழ்ந்தன. தாழ்ந்த பழைய கல்வீடுகள் பெரும்பாலும் நின்றன. 1956இல் கட்டி முடிக்கப்பட்ட 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரமும், தன் ஆட்டக்காலம் இரண்டு விநாடியினும் நீண்டிருந்தமையாலும், மண்ணை நன்கு ஆராய்ந்து அமைத்த ஆழ்ந்த அஸ்திவாரத்தாலும், சேதமின்றி நின்றது.

ஆகவே பூகம்பம் எவ்வளவு பலமுடையது என்று மட்டும் கேட்டுக் கட்டடம் வரையும் பொறியாளர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார். எவ்வளவு ஆழம், எத்தகைய மண், அதற்கு எத்தனை விநாடி என்பதே மற்றப் பாதி. மெக்ஸிகோ நகரின் விதிகள் குன்று, இடைநிலம், ஏரிப்படுகை என நிலத்தை ஏற்கெனவே வகுத்திருந்தன. பேரழிவுக்குப் பிறகு ஏரிப்படுகைக்கான அதிர்வுக் குணகம் 0.24இலிருந்து 0.40ஆக உயர்த்தப்பட்டது.

2017இல், அதே செப்டம்பர் 19ஆம் நாள், சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் நேர்ந்த 7.1 அளவுப் பூகம்பத்தில், களிமண் ஆழம் குறைந்த பகுதிகளில் அசைவு ஒரு விநாடியை ஒட்டி வலுத்தது. இம்முறை இன்னும் தாழ்ந்த கட்டடங்கள் இடிந்தன. போதாக்குறைக்கு, நிலத்தடி நீரை இடைவிடாது இறைப்பதால் நகரின் மையப்பகுதி இருபதாம் நூற்றாண்டில் 7 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்திருக்கிறது. அழுந்திய களிமண் மெலிந்து இறுகுகிறது, அதன் ஆட்டக்காலமும் குறுகுகிறது. ஆதலால் 1985இல் அளந்து வைத்த விநாடிக்கணக்கு அந்த நகரத்துக்கு நிரந்தரமாகச் செல்லாது, பல இடங்களில் அதைத் திரும்பவும் அளந்தே தீரவேண்டியிருக்கிறது.