பாட்டிலில் நீலம் வேறு... விதைப் பையில் நீலம் வேறு!

நெய்வேலி நகரியத்தில் வீடு தேடி வருபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'எத்தனாவது வட்டம்?' என்பதுதான். எண் தெரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்தது. பூச்சிக்கொல்லி பாட்டிலில் அந்த வேலையைச் செய்வது நிறம். சுற்றுவட்டாரத்தில் முந்திரி, நெல், கரும்புக்கு மருந்து வாங்குபவர்கள் கம்பெனிப் பெயரைப் பார்ப்பதற்கு முன்பு, லேபிளில் உள்ள சாய்சதுரத்தைப் பார்க்க வேண்டும்.

1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி, அந்தச் சதுரம் லேபிள் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. கீழ்ப்பாதி முக்கோணத்தில் நிறம். மேல்பாதியில் எச்சரிக்கைச் சொல். சிவப்பு என்றால் கடும் விஷம். மண்டை ஓடும் எலும்பும் போட்டு, 'விஷம்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு இந்த வகை. வாய் வழியாகக் கொடுத்தால், சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராமோ, அதற்கும் குறைவோ போதும். மஞ்சளும் விஷம்தான், மண்டை ஓடு மட்டும் இருக்காது. குயினால்பாஸ் இதில் வரும். நீலம் 'அபாயம்', உதாரணம் மாலத்தியான். பச்சை 'எச்சரிக்கை', உதாரணம் மேன்கோசெப்.

பச்சையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பச்சை என்றால் இயற்கை மருந்து என்றோ, கையுறை, முகக்கவசம் இல்லாமல் அடிக்கலாம் என்றோ பொருள் இல்லை. நான்கில் நச்சு குறைந்தது, அவ்வளவுதான். சிவப்பு, பச்சையைப் பிரித்தறிய முடியாத கண் ஆண்களில் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு மண்டை ஓடும் மேலே உள்ள சொல்லும்தான் துணை.

எழுத்து விஷயம் இன்னும் சிக்கல். வியாபாரப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் ரசாயனத்தின் பெயர் அதன் கீழே பொடி எழுத்தில் ஒதுங்கியிருக்கும். போன முறை அடித்த மருந்து கேட்கவில்லை என்று வேறு பெயரில் வாங்கிவந்து, அதே ரசாயனத்தையே மறுபடி அடிப்பது இதனால்தான். காசும் போய், பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தியும் கூடும். பொடி எழுத்தை செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். காலாவதி தேதியையும் அப்படியே பார்த்துவிடலாம்.

விதைப் பைக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. அங்கே மஞ்சள் அட்டை வல்லுநர் விதை, வெள்ளை ஆதார விதை, நீலம் சான்று விதை. பச்சை, உண்மைநிலை விதை. அதன் தரத்துக்குப் பொறுப்பு விற்பவரே, சான்றளிப்புத் துறை அல்ல. ஆக, பாட்டிலில் அபாயம் சொல்லும் நீலம், விதைப் பையில் நம்பி வாங்கச் சொல்கிறது. பாட்டிலில் நச்சு குறைந்த பச்சை, இங்கே சான்று இல்லாத விதை. விதை வாங்கும்போது நீல அட்டையைப் பையிலிருந்து பிய்த்து எறியாமல், ரசீதோடு அறுவடை வரை வைத்திருக்க வேண்டும். முளைக்காமல் போனால் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

மீதி மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. அந்த நிமிடமே நிறமும் எழுத்தும் போய்விடுகின்றன. குழந்தைக்கு அது வெறும் குளிர்பானம். யாராவது குடித்துவிட்டாலோ, தெளிக்கும்போது மயங்கினாலோ, ஆளோடு சேர்த்து லேபிள் உள்ள பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போங்கள். உள்ளே போனது என்ன ரசாயனம், அதற்கு மாற்று மருந்து என்ன என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.