வயிற்றுக்கும் ஒரு நாட்குறிப்பு

மருத்துவர் அறையில் அன்றாடம் நிகழக்கூடிய ஒரு சிறு காட்சியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். உடற்பருமனைக் குறைக்கும் ஊசியைப் போட்டுக்கொள்ளத் தொடங்கி ஒரு மாதம் கடந்த குடும்பத் தலைவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். “வயிறு எப்படி இருக்கிறது?” என்று வினவுகிறார் மருத்துவர். “ஒரு தொந்தரவும் இல்லை டாக்டர், நன்றாகவே இருக்கிறேன்” என்பது அவர் மறுமொழி. உடன் வந்த இல்லத்தரசியாரால் அதற்குமேல் பொறுத்திருக்க இயலவில்லை. “இவர் சொல்வதைக் கேட்காதீர்கள் டாக்டர். போன வாரம் இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. விடிய விடிய ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்” என்கிறார். “ஊசி போட்ட மறுநாளா, அல்லது பல நாள் கழித்தா?” என்று மீண்டும் கேட்கிறார் மருத்துவர். கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். இருவருக்கும் நினைவில்லை.

அந்த ஒரு வினாவுக்கு விடை கிடைக்காமற் போவதனால் நேரும் இழப்பு சிறிதன்று. மருந்தின் அளவை உயர்த்துவதா, அதே அளவில் நிறுத்தி வைப்பதா, அல்லது மருந்தையே கைவிடுவதா என்ற முடிவு அந்த விடையைப் பொறுத்தே அமைகிறது. எனவேதான், இம்மருந்தைத் தொடங்கும் இல்லங்களில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும் உடன் வாங்கப்பட வேண்டும் என்று கூற விழைகிறோம்.

முதலில், இம்மருந்து வயிற்றை ஏன் வருத்துகிறது என்பதை அறிந்துகொள்வது நலம். நாம் உண்டவுடன் நமது குடல் ஒரு சுரப்புநீரை வெளியிடுகிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இரைப்பையிலிருந்து உணவு மெல்ல இறங்கும்படி செய்கிறது. ‘போதும்’ என்ற உணர்வை மூளைக்கு உணர்த்துகிறது. இயற்கையான அச்சுரப்புநீர் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதனைப் போன்றே அமைத்து, ஒரு வாரம் நிலைத்திருக்கும்படி மாற்றப்பட்ட மருந்தே செமாகுளூட்டைடு. இதனோடு உறவுடைய டிர்செபடைடு என்னும் மருந்து 2025 மார்ச்சிலும், எடைக்குறைப்புக்குரிய அளவிலான செமாகுளூட்டைடு அவ்வாண்டு ஜூனிலும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்குவதும் பசி அடங்குவதும் ஒரே செயலின் இரு முகங்களாகும். ஆகவே குமட்டலும் வயிற்று உப்புசமும் மருந்தின் கோளாறு எனக் கருத வேண்டியதில்லை. பெரும்பாலும் அவை அதன் வேலையின் நிழலே.

இந்நிழல் எத்துணைப் பேர்மீது விழுகிறது? 2021-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவு இல்லாத, உடற்பருமன் மிக்க 1,961 பேர் 68 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். ஒரு சாராருக்குச் செமாகுளூட்டைடும், மறு சாராருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசியும் போடப்பட்டன. மருந்து பெற்றோர் சராசரியாகத் தம் எடையில் 14.9 விழுக்காடு குறைந்தனர். அவர்களுள் 44 விழுக்காட்டினருக்குக் குமட்டலும், 31 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கும், ஏறக்குறைய 25 விழுக்காட்டினருக்கு வாந்தியும், 23 விழுக்காட்டினருக்கு மலச்சிக்கலும் ஏற்பட்டன. ஆயினும் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது மற்றொரு கணக்கை. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் 17 விழுக்காட்டினர் குமட்டல் என்றனர். ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கு கண்டது! மனித வயிறு மருந்து இல்லாமலும் அவ்வப்போது முரண்டு பிடிக்கும் என்பதன்றோ இதன் பொருள்? எனவே குறிப்பேட்டை முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்னதாகவே தொடங்கிவிட வேண்டும். நமது வயிற்றின் இயல்பான குணம் இன்னதென்று அந்த ஒரு வாரம் காட்டிவிடும். பல ஆண்டுகளாகவே இரு நாளைக்கு ஒருமுறை மலங்கழிப்பவர், ஊசியின்மீது பழி போட்டு நிறுத்திவிடும் பிழை அதனால் தவிர்க்கப்படும்.

நாளொன்றுக்கு நான்கைந்து வரிகள் போதும். தேதி, ஊசி போட்ட நாளாயின் அதன் அளவு, அன்று உண்டவை, சிறப்பாக இரவு உணவும் அதன் நேரமும், குமட்டல் இல்லையெனில் சுழி, இலேசாயின் 1, உணவைத் தள்ளிவைக்கும் அளவாயின் 2, வாந்தியே வந்துவிட்டால் 3, மலம் கழிந்ததா, எத்தன்மையது, எத்தனை தம்ளர் தண்ணீர் அருந்தப்பட்டது. இவ்வளவே. ஊசி தவறிய வாரத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். தொடர்ந்து தவறவிட்டவர் மீண்டும் பழைய அளவிலேயே தொடங்கினால் வயிறு கலங்கும். எடையை வாரம் ஒருமுறை குறித்தால் தாராளமாகப் போதும். எடைக் கருவியின்மேல் நாள்தோறும் ஏறி நிற்பவர்களே வயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதவர்களாக இருப்பது விந்தையான வழக்கம்.

மலத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர்கள் அவ்வாறு முகஞ்சுளிக்கவில்லை. மலத்தை ஏழு வகைகளாகப் பிரித்து அவர்கள் 1997-இல் வெளியிட்ட அட்டவணையை இன்று உலகெங்கும் மருத்துவர்கள் கையாள்கின்றனர். ஆட்டுப் புழுக்கை போன்ற தனித்தனி உருண்டைகள் முதல் வகை. முழுதும் நீராகப் போவது ஏழாம் வகை. மூன்றும் நான்கும் நலத்தின் அறிகுறி. பக்கம் பக்கமாக வருணிக்கத் தேவையின்றி ஓர் எண்ணை மட்டும் எழுதிவிடலாம். கூச்சமுடைய நம் தாய்மாருக்கு இது பெரிய உதவி.

இவ்வெண்ணை எழுதுவதில் இன்னொரு பயனும் உண்டு. வாந்தி வந்தால் வீடே அறியும். மலச்சிக்கலோ ஓசையின்றி வருவது. இதே மருந்தைப் பற்றிய மூன்று ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, வாந்தி நீடித்த காலத்தின் நடுமதிப்பு 2 நாள்களாகவும், குமட்டலுக்கு 8 நாள்களாகவும் இருக்க, மலச்சிக்கலுக்கு அது 47 நாள்களாக இருந்தது. பசி குறைந்து உணவு சுருங்கும்போது கீரையும் காய்கறியும் சுருங்குகின்றன; தண்ணீர் குடிக்கும் நினைவும் குன்றுகிறது. ‘சாப்பிடுவதே குறைவு, அதனால் போகவில்லை’ என்று ஐந்தாறு நாள்களைக் கடத்திவிடுகின்றனர். குறிப்பேட்டில் வரிசையாக நான்கு நாள்கள் வெறுமையாக நிற்பதைக் கண்டாலன்றி இது உறைப்பதில்லை.

செமாகுளூட்டைடு வாரம் 0.25 மில்லிகிராம் என்ற சிற்றளவில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 எனப் படியேறி, 16 வாரங்கள் சென்ற பின்னரே 2.4-ஐ அடைகிறது. தொல்லைகள் பெரும்பாலும் ஒவ்வொரு படியேற்றத்தின்போதும் தலைதூக்கிப் பின்னர் தணிகின்றன. தணிந்தனவா என்பதை நான்காம் வாரக் குறிப்பு காட்டும். முதல் வாரத்தில் 2, 2, 1 என்றிருந்தது நான்காம் வாரத்தில் சுழிகளாக மாறியிருப்பின் அடுத்த படிக்குத் துணிவோடு செல்லலாம். நான்காம் வாரத்திலும் 2-ஆகவே நின்றால், அடுத்த உயர்வை இன்னும் நான்கு வாரம் ஒத்திப்போட மருத்துவர் எண்ணுவார். தொல்லையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி ‘நன்றாக இருக்கிறேன்’ என்று கூறும் அன்பர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். மறைப்பதனால் அளவு உயரும். உயர்ந்தபின் தாங்காமல் தாமே நிறுத்திவிடுவர்.

உணவின் தடமும் ஏட்டில் தெரியவரும். திருமண வீட்டுப் பிரியாணிக்கு மறுநாளும், இரவு ஒன்பது மணிக்குமேல் பரோட்டா உண்ட நாளின் விடியலிலும் 2, 3 என்ற எண்கள் விழுந்திருப்பதைக் காணலாம். எண்ணெயும் கொழுப்பும் மிக்க உணவு இயல்பாகவே இரைப்பையில் தங்குவது. மருந்தும் சேர்ந்தால் கேட்க வேண்டுமோ? ஒருசந்தி நாளில் ஒரே வேளையில் முழு உணவையும் உண்பவருக்கும் இதே நிலைதான். நோயுற்றோரை அக்கடமையினின்று திருச்சபை விலக்கியே வைத்திருக்கிறது என்பதை இங்கு நினைவூட்டுகிறோம்.

ஆர்லிஸ்டாட் என்னும் மாத்திரை வேறொரு வகை. அது உணவிலுள்ள கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குடல் ஈர்க்காதபடி தடுக்கிறது. தடுக்கப்பட்ட கொழுப்பு எங்கே போகும்? மலத்தோடு எண்ணெயாகவே வெளிப்படும். சில வேளைகளில் உடையையும் கறைப்படுத்திவிடும். அதனை உண்பவருக்கு ஏடு எழுதும் வேலைகூட இல்லை. வாணலியில் ஊற்றிய எண்ணெய் மறுநாள் தானே கணக்குக் காட்டிவிடும்.

ஏட்டில் எழுதிக்கொண்டு அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாதவையும் சில உண்டு. மேல் வயிற்றில் கடுமையாகத் தோன்றி, விடாமல் நின்று, முதுகுக்குப் பாயும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலப்புற விலாவின்கீழ் வலியும் காய்ச்சலும் கண் மஞ்சளாதலும் பித்தப்பைக் கல்லைச் சுட்டலாம். எடை விரைந்து குறையும்போது அக்கல் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. வயிறு உப்பி, மலமும் காற்றும் அறவே பிரியாமல் நின்றுவிடுவதும், தண்ணீர்கூடத் தங்காத வாந்தியோடு சிறுநீர் குறைவதும் அவ்வாறே. உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் பழுதுறும். இவற்றுள் எது கண்டாலும் அன்றே, இரவாயினும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் நீரிழிவு மாத்திரையோ உடன் எடுப்பவருக்கு வியர்வையும் நடுக்கமும் வந்தால், அதை வயிற்றின் கோளாறு என்று எண்ணிவிடாமல் சர்க்கரை தாழ்ந்ததா என உடனே சோதிக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கோ, குழாய் விட்டு வயிற்றைச் சோதிப்பதற்கோ நாள் குறித்தாலும் இந்த ஏட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பட்டினி கிடந்தபின்னும் இவர்களது இரைப்பையில் உணவு எஞ்சியிருக்கலாம். மயக்க நிலையில் அது மூச்சுக் குழலுக்குள் புகுந்தால் ஆபத்து. கடைசி ஊசி எந்நாள், அண்மையில் குமட்டலோ உப்புசமோ இருந்ததா என்பவையே மயக்க மருத்துவர் முதலில் அறிய விரும்புபவை.

மருந்தை நிறுத்திய பின்னரும் ஏட்டை உடனே மூடிவிட வேண்டாம். உடலில் உள்ள செமாகுளூட்டைடில் பாதியளவு நீங்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முழுதும் நீங்க ஐந்து வாரங்களுக்கு மேலும் செல்லும். அந்நாள்களில் வரும் குமட்டலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.