முன்னோட்டமும் முற்பணமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எமது இல்லங்களிலும் கணினி விளையாட்டுகளில் ஆழ்ந்திருக்கும் பிள்ளைகள் உள்ளனர். புதிய விளையாட்டொன்றுக்கு முற்பணம் கேட்கும் பிள்ளையின் பெற்றோருக்காக இதனை விளக்க விரும்புகின்றோம்.

கனடாவின் பயோவெயார் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்' விளையாட்டின் அடுத்த பாகத்துக்காக இரசிகர்கள் பத்தாண்டுகள் காத்திருந்தனர். 2024 ஜூனில் பெயர் மாற்றத்துடன் முன்னோட்டம் வெளியானது. இருண்ட கதையை எதிர்பார்த்தோர் அதன் கேலித் தொனியைக் கண்டு கொதித்தனர். இரு நாட்களின் பின் வெளியான உண்மையான விளையாட்டுக் காட்சிகளோ வேறுவிதமாக இருந்தன. முன்னோட்டம் விற்பனையாளரின் கைவண்ணமேயன்றி விளையாட்டு அன்று. கணினிப் பதிப்பின் விலையோ வெளியீட்டின்போது ஏறக்குறைய 60 டொலராக இருந்தது. ரூபாவில் உழைக்கும் எமக்கு அது சிறுதொகையன்று.

ஒக்டோபர் 31இல் விளையாட்டு வெளிவந்தது. விளையாடியோர் சுமார் 15 இலட்சம் பேர், எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதியே என்று 2025 ஜனவரியில் வெளியீட்டு நிறுவனமே அறிவித்தது.