எழுத்து முரண்டு பிடித்தால் என்ன செய்வது?

குட்டி நண்பர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. 749-ஐ 867-ஆல் பெருக்குங்கள். கால்குலேட்டர் கூடாது! விடை 6,49,383 வருகிறதா?

இதே கணக்கை மளமளவென்று போட்டு, சரியான விடையும் சொன்னான் ஒரு பையன். இங்கிலாந்தைச் சேர்ந்த அவன் பெயர் பெர்சி. வயது 14. விளையாட்டிலும் கெட்டிக்காரன். ஆனால், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் திணறிவிடுவான். ஏழு வயதிலிருந்து படித்தும், சின்னச் சின்ன வார்த்தைகளைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். தன் பெயரையே எழுத்து இடம் மாறி, 'பிரெசி' என்று எழுதினான்!

பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் அவனைப் பரிசோதித்தார். கண்பார்வை நன்றாகவே இருந்தது. பாடத்தை எல்லாம் வாயாலேயே சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்கார மாணவன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். இதையெல்லாம் 1896-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார் மார்கன்.

பெர்சிக்கு இருந்த சிரமத்துக்கு 'டிஸ்லெக்ஸியா' என்று பெயர். ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் டாக்டர் சூட்டிய பெயர் இது. சொற்களில் வரும் சிரமம் என்று பொருள்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

படிப்பது என்றால், கண் பார்க்கும் எழுத்தையும் காது அறிந்த ஒலியையும் மூளை சட்டென்று இணைக்க வேண்டும். டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கு இந்த இணைப்புதான் கடினம். இது நோய் அல்ல, தொற்றாது. சோம்பலும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவது.

நம் தமிழையே பாருங்கள். 'கே' என்று சொல்லும்போது முதலில் வருவது 'க்' ஒலி. எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது! ஒரு கால் விட்டுப்போனால் 'பாடம்' 'படம்' ஆகிவிடும். ல, ள, ழ வேறு குழப்பும். நமக்குப் பழகிப்போன இந்த விஷயங்கள் சிலருக்குத் தினமும் போராட்டம். இதைப் போலவே, எழுதுவதில் மட்டும் சிரமம் இருந்தால் 'டிஸ்கிராஃபியா'. கணக்கில் என்றால் 'டிஸ்கால்குலியா'.

"படிப்பு ஏறலை!"

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். காலண்டர், டைரி, நோட்டு என்று எழுத்துகளை அச்சடித்து நாடெங்கும் அனுப்பும் ஊர் சிவகாசி. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்ற ஊரும் அதுதான்.

ஒரு காலத்தில் அந்த வட்டாரத்துச் சிறுவர் சிறுமியர் பலர் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனார்கள். தீக்குச்சி அடுக்கினார்கள், லேபிள் ஒட்டினார்கள். முக்கியக் காரணம் வறுமை. "இவனுக்குப் படிப்பு ஏறலை" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டால், பள்ளிக்கூடத்துப் பையை மாட்டும் நாள் அத்தோடு முடிந்தது. அவர்களில் எத்தனை பெர்சிகள் இருந்தார்களோ!

இன்று சட்டம் மாறிவிட்டது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 14 வயது நிறையாதவர்களை ஆலை வேலையில் சேர்க்கக் கூடாது. பட்டாசு போன்ற ஆபத்தான தொழிலில் 18 வயது வரை சேர்க்கக் கூடாது. வேலைக்குப் போகாமல் தடுத்தால் மட்டும் போதுமா? வகுப்பில் உட்கார்ந்தும் பாடம் புரியாமல் தவிப்பவருக்கு வேறு வழியில் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

வேறு மாதிரி பள்ளி

அப்படிச் சொல்லித்தர 1990-களின் தொடக்கத்தில் சென்னையில் பெற்றோரும் ஆர்வலர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் 'மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன்'. இது அரசு நிறுவனம் அல்ல, தனியார் தொண்டு நிறுவனம். தியாகராய நகரில் 'அனன்யா' என்ற கற்றல் மையத்தை இது நடத்துகிறது. அதிக உதவி தேவைப்படும் குழந்தைகள் வழக்கமான பள்ளியிலிருந்து வந்து இங்கே சில காலம் படித்துவிட்டு, மீண்டும் வழக்கமான பள்ளிக்கே திரும்புவார்கள். ஆசிரியர்களுக்கும் இந்த அமைப்பு பயிற்சி தருகிறது.

இத்தகைய வகுப்புகளில் கூட்டம் இருக்காது. மணலில் விரலால் எழுத்தை எழுதுவார்கள். களிமண்ணில் செய்து தடவிப் பார்ப்பார்கள். எழுதும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்வார்கள். கண், காது, வாய், கை எல்லாம் சேர்ந்து படிக்கும்! சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, பிறகு சேர்ப்பார்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகுதான் அடுத்தது. டிஸ்லெக்ஸியா அடியோடு மறைந்துவிடாது. ஆனால், இப்படிப் பழகினால் வாசிக்கவும் எழுதவும் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம்.

சென்னைக்குப் போக வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? அரசுப் பள்ளிகளுக்கும் சிறப்பாசிரியர்கள் வருகிறார்கள். தலைமை ஆசிரியரிடம் பெற்றோர் கேட்கலாம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றுள்ளது. மருத்துவச் சான்று பெற்றவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் உதவியாளர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகள் உண்டு.

விருதுநகரில் பிறந்த காமராஜர், பசியால் எந்தக் குழந்தையும் பள்ளியை விட்டு நிற்கக் கூடாது என்று 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பசி வெளியே தெரியும். எழுத்து முரண்டு பிடிப்பது வெளியே தெரியாது. வாய்திறந்து சொன்னால்தான் தெரியும்.

ஆகவே, வாசிக்கும்போது உங்களுக்கு எழுத்துகள் குழப்பினால் மறைக்காதீர்கள். அம்மா, அப்பாவிடமோ பிடித்த டீச்சரிடமோ சொல்லுங்கள். பக்கத்து பெஞ்சு நண்பன் வாசிக்கத் திணறினால், "மக்கு" என்று சிரிக்காதீர்கள். அன்றைய பாடத்தை அவனுக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். 749-ஐ 867-ஆல் எப்படி வேகமாகப் பெருக்குவது என்று அவன் உங்களுக்குச் சொல்லித்தரக்கூடும்!