பிடியரிசிப் பானை

நம் சங்கத்து அன்பர்களுள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தோர் பலர். கோடை விடுமுறையில் ஊர் சென்று மீளுங்கால் கருப்புக்கட்டியும் வற்றலும் கொண்டுவந்து அண்டை வீட்டார்க்குப் பகிர்ந்தளிப்பது அவர்கள் வழக்கம். சென்ற ஆண்டு மீண்டவர் ஒருவர் அவற்றோடு ஓர் அறிக்கையும் கொண்டு வந்தார். தேரிக்காட்டுச் சிற்றூர் ஒன்றிலுள்ள கிறிஸ்தவக் கோயிலுக்குப் புதிய கோபுரம் எடுப்பதாகவும், மும்பைவாழ் அன்பர்கள் மனமுவந்து பொருளுதவி புரிய வேண்டும் எனவும் அதில் கண்டிருந்தது. நம் சங்கம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. ஆதலின், கையொப்பமிடுவதற்கு முன் உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: “அக்கோயில் அவ்வூருக்கு என்ன செய்து வருகிறது?” விடை கூற எவருக்கும் இயலவில்லை. இவ்வாண்டு ஊர்ப்பக்கம் செல்லும் வாய்ப்பு நேர்ந்தபோது நேரிற் கண்டுவரத் துணிந்தோம். ஊர்ப்பெயரை எழுத வேண்டா என்று ஆங்குள்ளோர் கேட்டுக்கொண்டமையால் அதனை இங்கே குறிப்பிடவில்லை.

திருநெல்வேலியில் தொடர்வண்டியை விட்டிறங்கித் திசையன்விளை செல்லும் பேருந்தில் ஏறினோம். நாங்குநேரியைக் கடந்து தெற்கே செல்லச் செல்ல நெல்வயல்கள் மறைந்து செம்மணலும் பனையும் மிகுகின்றன. அம்மணற்பரப்பையே தேரி என்பர். காற்றுக் காலத்தில் மணல் பறந்து வேலியை மூடிவிடும். உழவுக்கு உகாத அந்நிலத்தில் பனையொன்றே பயிர்; பதநீர் இறங்கும் மாதங்களே மக்களுக்கு அறுவடைக் காலம். காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுவது ஆடவர் தொழில். இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவது மகளிர் தொழில். அடுப்பின் வெம்மையில் நின்று துடுப்பால் கிண்டும் அவ்வேலையை ஒரு நாழிகை அருகிருந்து பார்த்தோர் பின்பு கருப்புக்கட்டியில் பேரம் பேசார்.

இவ்வட்டாரத்துக்குத்தான் 1841ஆம் ஆண்டின் இறுதியில் கால்டுவெல் ஐயர் வந்து சேர்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட பெரியார் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையும் அப்புகழுக்கு உரியதே. ஆயின் இடையன்குடியார்க்கு அவர் முதற்கண் ஊர் அமைத்தவர். தாறுமாறாகக் கிடந்த குடிசைகளை ஒழுங்குபடுத்தி நேரான தெருக்கள் வகுத்தார், கிணறு தோண்டுவித்தார், மரம் நடுவித்தார். அவர் மனைவியார் எலைசா அம்மையார் நாகர்கோயிலில் தொண்டாற்றிய மால்ட் ஐயரின் மகளார். தமிழைப் பிறந்தகத்திலேயே கற்றவர். அவ்வம்மையார் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தி, ரேந்தை என்னும் லேஸ் பின்னலையும் கற்பித்தார். எழுத்தறிவோடு கைத்தொழிலும் பெற்ற பெண், கணவன் பனையிலிருந்து விழுந்து கிடந்தபோதும் குழந்தைகளுக்குக் கஞ்சி வார்க்க இயன்றது. அவ்வூர்ப் பெரிய கோயிலோ ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டு மெல்ல மெல்ல எழுந்து 1880இல்தான் நேர்ந்தளிக்கப்பெற்றது. 1891இல் மறைந்த ஐயரின் உடல் அக்கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றது.

அவரைக் குறையற்றவர் என்று நாம் போற்ற வரவில்லை. பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் அவர் வெளியிட்ட நூலின் சில கூற்றுகள் அம்மக்களைப் பெரிதும் புண்படுத்தின. அதையும் அவ்வூரார் மறக்கவில்லை. அவர் தோண்டுவித்த கிணற்றையும் மறக்கவில்லை.

தாது ஆண்டுப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது. அக்காலத்தும் அதனை ஒட்டியும் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரவர் திருச்சபையிற் சேர்ந்தனர். “அரிசிக் கிறிஸ்தவர்” என்னும் ஏளனச் சொல் இத்தகையோரைக் குறித்து எழுந்ததே. பசித்தவன் சோறிடும் கதவைத் தட்டுவதில் ஏளனம் செய்ய என்ன இருக்கிறதென்று நமக்குத் தோன்றவில்லை. அச்சொல்லை எறிந்தோர் அறியாதது ஒன்றுண்டு. அரிசி வாங்கியோர் என்று இகழப்பட்ட அம்மக்களே பின்னாளில் அரிசி கொடுப்போர் ஆயினர்.

அக்கொடையின் பெயர் கைப்பிடி அரிசி. உலை கொதிக்கிறது, இல்லத்தாள் அரிசியைக் களைந்து போடப் போகிறாள். அதற்கு முன் ஒரு பிடியை எடுத்து அடுக்களை மூலையிலுள்ள தனிப் பானையில் இடுகிறாள். ஒவ்வொரு வேளைச் சமையலிலும் இவ்வாறே. ஞாயிறன்று பானையைக் கோயிலுக்குக் கொண்டுசென்று பாயிற் கொட்டுவர். அல்லது கோயில்பிள்ளை சாக்குடன் வீடுவீடாக வந்து பெற்றுச் செல்வார். (கோயிலைப் பெருக்கி, மணியடித்து, விளக்கேற்றும் ஊழியரை அங்கே கோயில்பிள்ளை என்பர், குருவானவரை ஐயர் என்பர். பின்னது சாதிப் பெயரன்று.) அரிசியைப் படிக்கணக்கில் அளந்து விற்றுத் தொகையைக் குறிப்பேட்டில் ஏற்றுவர். கையில் காசு புழங்காத வீட்டாரும் கொடுப்பவராகலாம் என்பதே இவ்வழக்கத்தின் நுட்பம். அன்றியும், கொடையின் அளவை முடிவு செய்பவள் வீட்டுத் தலைவனல்லள், அடுக்களையில் நிற்பவள்.

இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதை வாசகர் அறிவர். காஞ்சிப் பெரியவர் ஊக்குவித்த பிடி அரிசித் திட்டமும் இத்தகையதே. மிசோரமில் கிறிஸ்தவ மகளிர் 1910 முதல் இவ்வாறு அரிசி ஒதுக்கித் தம் திருச்சபையின் பணிகளைத் தாங்கி வருகின்றனர். ஏழை மக்கள் எங்கு கூடி ஒரு பொதுக் காரியம் செய்ய நினைப்பினும் முதலிற் கை செல்லுமிடம் அரிசிப் பானைதான் போலும்.

இத்தகைய சிறுகாணிக்கைகள் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தனர். இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்பன அதன் கொள்கை. அதனைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874இல் ஒரு கிராமக் குருவின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஐதராபாத் நிசாமின் ஆட்சியிலிருந்த தோரணக்கல்லைப் பணிக்களமாகத் தெரிந்துகொண்டனர். 1909இல் அசரியா தாமே அங்குச் சென்று தெலுங்கு பயின்று, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஏழைகளிடையே வாழ்ந்தார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தோரணக்கல் மகளிரும் பின்பு பிடியரிசி ஒதுக்கலாயினர். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு குத்தல் உண்டு. பிழைக்கச் சென்ற இடத்தின் மொழியைக் கற்க நம்மில் எத்தனை பேர் முயன்றோம்? அதனை இங்கே விரிப்பின் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

நாம் கண்ட சிற்றூருக்கு வருவோம். ஞாயிறு ஆராதனைக்குக் கூடியிருந்தோர் அறுபதின்மருக்குக் குறைவு. பெரும்பாலோர் முதியோர், மகளிரே மிகுதி. ஐயர் அன்று சாறிபாத் ஊர் விதவையின் வரலாற்றை எடுத்துப் பேசினார். பஞ்ச காலத்தில் ஒரு பிடி மாவும் சிறிது எண்ணெயும் மட்டுமே எஞ்சியிருந்த அவ்விதவை, அதனை முதலில் எலியா தீர்க்கதரிசிக்கு அடையாகச் சுட்டுக் கொடுத்தாள். அதன்பின் அவள் பானை மாவு குறையவில்லை என்பது விவிலியம். ஐயர் கூறியது இது: “பானை நிரம்பியதென்று வேதம் சொல்லவில்லை. தீர்ந்துபோகவில்லை என்றுதான் சொல்லுகிறது. அவள் நாள்தோறும் பானையின் அடியைப் பார்த்துக்கொண்டேதான் கைவிட்டிருப்பாள். நாளைக்கு இருக்குமோ என்ற அச்சம் அவளை விட்டுப் போயிருக்காது. அச்சம் போன பிறகு கொடுப்போம் என்று காத்திருப்பவர் கொடுப்பதேயில்லை.” வேதத்தை இவ்வாறு அடுக்களையிலிருந்து விளக்கக் கேட்டது நமக்குப் புதிது. பின்வரிசையில் ஒரு மூதாட்டி “ஆமா, ஆமா” என்று தமக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்தபின் கணக்கேட்டைக் காட்டினர். கோயிலை அடுத்த கூடத்தில் மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகின்றனர். கோயிலுக்கு வராத வீட்டுப் பிள்ளைகளும் பாயில் உடன் அமர்ந்து படிக்கின்றனர். தனித்திருக்கும் முதியோர் பதினெண்மர்க்கு நண்பகலில் உணவு செல்கிறது. அவருள் எழுவர் பிற சமயத்தார். நோயுற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டிக் கூலி தருகின்றனர். இவை மூன்றுமே பணி, பெரிதென்று சொல்வதற்கில்லை. ஆயின் நண்பகல் உணவுக் கணக்கில், இரு திங்களாக அரிசி போதாமற் கடன் வாங்கியது சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. அதே மேசையில் கோபுரக் கணக்கேடும் இருந்தது. வெளியூர்களிலிருந்து வந்து சேர்ந்த தொகை அதில் பல இலட்சம்.

“கோபுரப் பணத்தில் சிறிது எடுத்துக்கொள்ளலாகாதா?” என்று வினவினோம். ஐயர் சற்றே தயங்கினார். “கோபுரத்துக்கென்று எழுதி அனுப்பியதை வேறு செலவுக்குத் தொடலாகாது ஐயா. கொடுத்தவர்களைக் கேட்டுப் பார்த்தோம். கோபுரம் என்றால் கல்வெட்டில் பெயர் வரும். கஞ்சிக்குக் கல்வெட்டு இல்லையே.”

கோபுரமே கூடாது என்பது நம் கட்சியன்று. மெய்ஞ்ஞானபுரத்துக் கோயிலின் 192 அடிக் கோபுரத்தைத் தொலைவிற் கண்டதும் ஊர் வந்ததென்று மனம் குளிராதார் யார்? கோயில் கட்டுதலும் பணியே. அசனமும் அவ்வாறே. பண்டிகையில் ஊர் முழுதும் ஒரே பந்தியில் உண்ணும் அவ்விருந்தை வீண்செலவு என்போர் உளர். அதே வட்டாரத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கொரு புறமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றாக இருந்து உண்ணுவது இந்நாட்டில் எளிதாக வந்த பேறன்று. நம் வினா வேறு. அடுக்களைப் பானையிலிருந்து நடந்த கோயில், இப்போது ஆண்டுக்கொருமுறை வரும் வங்கிக் காசோலையினால் நடக்கிறது. காசோலை அனுப்புவோர் நாம். நாம் ஊரை விட்டு வந்ததனாலேயே அவ்வூர்ப் பானைகள் குறைந்தன என்பதும் உண்மை. தெருவில் எண்ணிப் பார்த்தோம். நாற்பத்திரண்டு வீடுகளில் பத்தொன்பது பூட்டிக் கிடந்தன.

“ஆமா, ஆமா” என்ற மூதாட்டியார் தம் வீட்டுக்கு அழைத்தார். அடுக்களை மூலையில் அப்பானை இருந்தது. கறுத்து மெருகேறிய மண்பானை. மாமியார் வைத்திருந்ததாம்.

“பட்டினி கெடந்த காலத்துலயும் ஒரு பிடி எடுத்து வெச்சிட்டுத்தான்யா ஒலையில போடுவோம். இப்ப நான் ஒருத்தி. ஒரு நேரம் பொங்கி ரெண்டு நேரம் திங்கேன். எதுல பிடி எடுக்க?” என்றவர், பானையுள் கைவிட்டுக் காட்டினார். அடியில் அரிசி இருந்தது. ரேசன் அரிசி. எடுத்துவைப்பதை அவர் விட்டபாடில்லை.

“பிள்ளைகள் எங்கே தாயே?”

“மூத்தவன் உங்க பம்பாயிலதான் இருக்கான். தங்கமான பிள்ளை. கோபுரத்துக்கு அம்பதாயிரம் எழுதியிருக்கான்லா. ஐயர் கோயில்ல வாசிச்சாவ.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது, அதில் ஐயமில்லை. சற்றுக் கழித்து வேறேதோ பேச்சினிடையே, “மருந்து வாங்க அடுத்த வீட்டுப் பிள்ளைதான் திசையன்விளைக்குப் போயிட்டு வரும். அதுவும் வார மாசம் திருப்பூருக்கு வேலைக்குப் போவுதாம்” என்றார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நாமும் சேர்த்துக் கேட்கவில்லை.

மீண்டபின் சங்கத்தில் செய்தியைக் கூறினோம். கோபுர அறிக்கையில் ஒரு வரி சேர்த்து அனுப்பலாம் என்றார் ஒருவர்: எம் தொகையிற் பாதி நண்பகல் உணவுக்கு, கல்வெட்டு வேண்டா. மற்றொருவர், கொடுப்பதைத் திங்கள்தோறும் சிறிதாகக் கொடுப்பின் முதியோர் அடுப்பு அணையாது என்றார். மகளிர் பகுதியினர் இவ்விவாதத்துக்குக் காத்திராமல் பதினோரு வீடுகளில் பிடியரிசி டப்பா வைத்துவிட்டனர். அவ்வரிசியைத் தொடர்வண்டியில் அனுப்புவதா, விற்றுப் பணமாக்குவதா, அன்றி நம் தெருக்கோடியில் கட்டட வேலை செய்யும் பீகார்க் குடும்பங்களுக்கே கொடுப்பதா என்பதில் இன்னும் அவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. முதல் திங்களில் சேர்ந்தது இருபத்து மூன்று கிலோ.

விடைபெறும்போது மூதாட்டியார் ஓலைக் கொட்டானில் கருப்புக்கட்டி கட்டிக் கொடுத்து, மகனிடம் சேர்ப்பிக்கச் சொன்னார். முகவரியும் எழுதித் தந்தார். தாராவிக்கு நாம் அடிக்கடி செல்வதில்லை; கொட்டான் இன்னும் நம் வீட்டில் இருக்கிறது. வரும் ஞாயிறன்று எடுத்துப் போகிறோம்.